ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்தவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மரச்சாமான் தொழிற்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தேன். அந்தப் பதினோரு ஆண்டுகளில் என் ஜன்னலுக்கு வந்து ஸ்க்ரூ வாங்கிப் போனவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கும். வாங்கிய ஸ்க்ரூவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரே ஒருவர்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் டைரிகளிலும் எழுதியதில்லை. ஆட்களை அவர்கள் வேலை செய்யும் மேஜையின் எண்ணைக் கொண்டு குறிப்பது என் வழக்கம். அவர் மூன்றாம் மேஜை. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது, அவருக்கு முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ. கதவு, அலமாரி, கட்டில்களைப் பூட்டிச் சேர்க்கும் பிரிவில் இருந்த ஒன்பது பேரில் அவர் மட்டும்தான் பெண்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரிடம் தேக்குப் பூஜை அலமாரி ஒன்று வந்தது. கீல்களுக்குப் பன்னிரண்டு பித்தளை ஸ்க்ரூ கேட்டார். கூடவே அதே அளவில் இரண்டு இரும்பு ஸ்க்ரூவும் கேட்டார். கொடுத்தேன். மாலை நான்கு மணிக்கு அந்த இரண்டு இரும்பு ஸ்க்ரூவையும் கொண்டுவந்து ஜன்னல் பலகையில் வைத்தார்.

"இந்தா சார். இதுங்க வேல முடிஞ்சுது."

"போடலையாம்மா?"

"போட்டு எடுத்துட்டேன். பித்தள மெத்துனு கீது சார். தேக்குல நேரா உட்டா பாதியில தல முறிஞ்சு பூடும். மொதல்ல இரும்ப உட்டு வழி வெட்டிக்கினேன். அத்த கழட்டிட்டு, பித்தளைக்கு சோப்பு தடவி உட்டேன். வெண்ணையா எறங்கிச்சு."

பயன்படுத்தித் திருப்பிய பொருளை எழுத என் பதிவேட்டில் கட்டம் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன். பிறகு போய் அந்த அலமாரியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஸ்க்ரூத் தலைகளிலும் திருப்புளி பதியும் கோடு ஒன்றுபோலச் செங்குத்தாக நின்றது. அழகுக்காக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

"அழகா?" என்றார். "கோடு படுத்துகினு இருந்தா தொடைக்கிற தண்ணி அதுல நிக்கும், விபூதி அடையும். நின்னுகினு இருந்தா வழிஞ்சு பூடும். இன்னொண்ணு, அப்பால எவனாச்சும் தொட்டானா கோடு சாஞ்சிருக்கும். பாத்தாலே தெரியும்."

ஒழுங்கைப் பற்றி நானே பிறருக்குச் சொல்லிக் கொண்டிருந்த காலம் அது. அன்று அவர் சொன்னதை அப்படியே டைரியில் எழுதிக்கொண்டேன்.

அவர் தச்சர் குடும்பத்தைச் சேர்ந்தவர் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் நெல்லும் கீரையும் போட்ட குடும்பம். எங்கள் கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு ஸ்க்ரூ தயாரிப்புக் கூடத்தில் எட்டு வருடம் பொறுக்கிப் பெட்டியில் அடைக்கும் வேலை பார்த்திருக்கிறார். கோடு நடுவில் விழாதது, முனை மழுங்கியது, மரைப் பல் ஆழமில்லாதது என்று ஒதுக்கி ஒதுக்கியே கை பழகிவிட்டது. மற்றவர்கள் மரத்தைத் தெரிந்துகொண்டு ஸ்க்ரூவுக்கு வந்தார்கள், அவர் ஸ்க்ரூவைத் தெரிந்துகொண்டு மரத்துக்கு வந்தார். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் ஜன்னலில் வந்து "ஒண்ணரை இஞ்ச் ஒரு பெட்டி" என்று கை நீட்டுவார்கள். அவர் மட்டும் நான் எடுத்துக் கொடுக்கும் முன்பே தனக்குத்தானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வார். எதில் போகிறது, எதைத் தாங்குகிறது, தண்ணீர் படுமா. விடை தெரியாவிட்டால் வாங்காமல் திரும்பிப் போய்விடுவார். விடை தெரிந்துகொண்டு ஒரு மணி நேரம் கழித்து வருவார்.

ஸ்க்ரூ விற்பனைப் பிரதிநிதி ஒருவர் மாதிரிப் பெட்டியோடு வருவார். கழுத்தில் டை, கையில் டேப்லெட். ஒருமுறை அவர் கறுப்பு நிற ஸ்க்ரூ ஒன்றைக் காட்டி, "இது எல்லாத்துக்கும் போகும் மேடம். முனை கூர்மை. துளையே போட வேண்டாம். மெஷின்ல வெச்சா நேரா உள்ள போய்டும்" என்றார்.

மூன்றாம் மேஜை அதை வாங்கி விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தார். "கழுத்து எங்க அண்ணாத்தே?"

"கழுத்தா?"

"தல கீது, பல்லு கீது. கழுத்தே இல்லியே. தலைக்குக் கீழ மொழுமொழுனு கொஞ்சம் வோணும்ல."

பிரதிநிதி என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் மேஜை இரண்டு துண்டுக் கட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மரக்கட்டைக்கான பழைய வகை ஸ்க்ரூவில் தலைக்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு மரை இல்லாமல் வழவழப்பாக இருக்கும். மேல் கட்டைக்குள் அந்தக் கழுத்து சும்மா நிற்கும். கீழ் கட்டையை மட்டும் பல் பிடிக்கும். திருகத் திருக, தலை மேல் கட்டையை அமுக்கிக் கீழ் கட்டையோடு ஒட்டவைக்கும். "மேல் கட்டைக்குக் கழுத்து, கீழ் கட்டைக்குப் பல்லு" என்றார். உடம்பு முழுக்க மரை உள்ளது இரண்டு கட்டையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். நடுவில் சந்து இருந்தால் அந்தச் சந்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

"இது ஜிப்சம் பலகைக்கு செஞ்சது. கூரையில அட்டை ஒட்டறவங்களுக்கு நல்லாதான் கீது. நீ அவங்களாண்ட போய் வில்லு" என்று பெட்டியை மூடிக் கொடுத்தார்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு 'ஸ்குரூ டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள். "டாக்டரம்மா, என் ஸ்குரூவுக்குத் தொண்ட வலி, கொஞ்சம் பாரு" என்பார் ஆறாம் மேஜை. "உன் ஸ்குரூவ நீ சுத்தியால அடிச்சா அதுக்கு வேற இன்னா வலிக்கும்?" என்பார் இவர். அது உண்மைதான். முக்கால் பாகத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புளியால் முறுக்கிக் காட்டுவது எங்கள் பக்கத்துத் தச்சர்கள் பலருக்குக் கைவந்த பழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே மர நார் கிழிந்து, மரை பிடிக்க ஒன்றும் இருக்காது. மூன்றாம் மேஜை மட்டும் ஸ்க்ரூவின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

குறைகள் இல்லாதவர் என்று எழுதினால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். வேலை மெதுவாக நடக்கும். மற்றவர்கள் ஆறு கதவு முடிக்கும் நேரத்தில் அவர் நான்கு முடிப்பார். கோபம் வந்தால் வயது பார்க்க மாட்டார். ஒருமுறை ஆறாம் மேஜைக்காரர் அடித்து இறக்கியிருந்த ஸ்க்ரூக்களை, அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டார். அந்த மனிதர் திரும்பி வந்து, ஒரு நாள் உழைப்பு பிரிந்து கிடப்பதைப் பார்த்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான்கு மாதம் இருவரும் பேசவில்லை. வேலையில் அவர் செய்தது சரி, ஆளிடம் செய்தது தவறு என்று அன்றே டைரியில் எழுதினேன். இன்றும் மாற்றமில்லை.

ஆயுத பூஜைக்கு அவர் விடுப்பில் இருந்ததால் பொரிப் பொட்டலத்தைக் கொடுக்க முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். நான் பட்டாபிராமில் குடியிருக்கிறேன், வழியில்தான். அவர் கணவர் ஆவடி – பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். உள்ளே போனதும் ஜன்னலடியில் தரையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பெரிய கண்ணாடியைக் காட்டினார்.

"பாரு சார். மூணு வருசமா இப்டியே சாஞ்சுகினு கீது. ஊர்ல கீற கதவெல்லாம் இவ பூட்டுவா. எங்க ஊட்டு கண்ணாடிக்கு மட்டும் நல்ல நேரம் வரல."

"பின்பலக பார்ட்டிக்கிள் போர்டு சார்," என்றார் மூன்றாம் மேஜை, காபியை நீட்டிக்கொண்டே. "மரத்தூள ஒட்டிவெச்சது. ஓரத்துல சின்ன பல்லு ஸ்குரூ உட்டா பொலபொலனு உதிந்துரும். ஒடம்பு ஒல்லியா, பல்லு அகலமா, தூரம் தூரமா கீறது வோணும். நல்லதா கெடைக்கல."

மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "கெடைக்கிறதுக்குள்ள எனக்கு மூஞ்சியே மறந்துரும். குனிஞ்சு குனிஞ்சு பொட்டு வெச்சுகினு கீறேன்."

மறுநாள் ஸ்டோரில் அப்படி நான்கு ஸ்க்ரூ தேடி எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஸ்டோர் சாமான் ஸ்டோருக்கு, வீட்டுச் சாமான் கடையில் என்றார்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

பூந்தமல்லி சாலையில் செவிலியர் மாணவிகள் தங்கும் ஒரு விடுதிக்கு முப்பது இரட்டை அடுக்குக் கட்டில்கள் செய்ய எங்களுக்கு ஆர்டர் வந்தது. ரப்பர் மரம். பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு தாங்குகட்டை பொருத்தப்படும். படுக்கைப் பலகைகள் அந்தக் கட்டையின் மேல்தான் உட்காரும். ஆகவே மேல்தட்டில் படுப்பவரின் எடை முழுவதும் அந்தக் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் மேல். ஒரு பக்கத்துக்கு ஏழு, இரண்டு பக்கத்துக்குப் பதினான்கு. இதற்கு ஐம்பது மில்லிமீட்டர் நீளத்தில், கழுத்து உள்ள, தடித்த பத்தாம் நம்பர் ஸ்க்ரூ என்று முதலிலேயே முடிவாகியிருந்தது.

அந்த வாரம் மூன்றாம் மேஜை நாத்தனார் வளைகாப்புக்காக மூன்று நாள் விடுப்பு. புதன்கிழமை, தாங்குகட்டை பொருத்தத் தொடங்கும் முன்பே, பத்தாம் நம்பர் தீர்ந்துவிட்டது. மேஜையிலிருந்து வந்த சீட்டில் 'ஸ்க்ரூ, 50 மி.மீ.' என்று இருந்தது. என்னிடம், ஒரு கூரைப் பலகை வேலைக்கு வாங்கி மிஞ்சியிருந்த, ஐம்பது மில்லிமீட்டர் கறுப்பு ஸ்க்ரூ இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் 'ஸ்க்ரூ, 50 மி.மீ.' என்று தெளிவான எழுத்தில் எழுதினேன். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. வெள்ளிக்கிழமை பதினான்கு கட்டில்கள் விடுதிக்குப் போய்விட்டன.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். கூடத்தில் மீதமிருந்த கட்டில்களில் ஒன்றின் அருகே குனிந்தார். ஸ்க்ரூத் தலைகளை அடைப்புப் பசை வைத்து மூடி வண்ணம் அடித்திருந்ததால் மேலே ஒன்றும் தெரியவில்லை. அவர் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து, தாங்குகட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துத் தள்ளினார். டிக்கெட் உள்ளே போனது.

அடுத்த கட்டிலிலும் போனது. அதற்கு அடுத்ததிலும்.

மேனேஜரைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"ரெண்டும் ஸ்க்ரூதானேம்மா," என்றார் மேனேஜர். "ரெண்டும் ரெண்டு இஞ்ச்தான்."

மூன்றாம் மேஜை, பொருளைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடிப்பில் கறுப்பு ஸ்க்ரூ ஒன்றையும், எங்கோ தேடி எடுத்த பத்தாம் நம்பர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கினார். சுத்தியலால் பத்தாம் நம்பரைப் பக்கவாட்டில் தட்டினார். வளைந்தது. மறுபடி தட்டினார். இன்னும் வளைந்தது. பிறகு கறுப்பை ஒரே தட்டு. தலை துண்டாகி, பறந்து போய்த் தகரக் கதவில் பட்டது.

"இது வளையும் சார். பலக எறங்கும், கிரீச் கிரீச்னு கத்தும். படுத்துகினு கீறவங்க எந்திரிச்சுக்கலாம். இந்த கறுப்பு சொல்லாம கொள்ளாம போவும்."

மேனேஜர் தலையைத் தடவிக்கொண்டார். "யார் இதை எடுத்துக் கொடுத்தது?"

நான் பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினேன். "நான்தான் சார்."

ஆறாம் மேஜைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அது திட்டு வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. மூன்றாம் மேஜை பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நீளத்துக்குதான் கட்டம் போட்டுகிறாங்க. மீதிய அவரு எங்க எழுதுவாரு?" என்றார். அவ்வளவுதான் என்னைப் பற்றிய விசாரணை.

"சரி, இங்க இருக்கிறதை மாத்திடுங்க," என்றார் மேனேஜர். "போனது போகட்டும். திங்கட்கிழமை பிள்ளைங்க வந்துடுறாங்க. கம்ப்ளெயின்ட் வந்தா பார்த்துக்கலாம்."

"கம்ப்ளெய்ன்ட் குடுக்கவேண்டிய பொண்ணு கீழ்க்கட்டில்ல படுத்துகினு இருக்கும் சார். அது எப்டி எந்திரிச்சு வந்து குடுக்கும்?"

மேனேஜர் அந்தத் தலையில்லாத ஸ்க்ரூவைப் பிடிப்பிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு, "நாளைக்குப் போங்க. ஆனா சர்வீஸ்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார்.

அன்று மதியமே ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய்ப் பத்தாம் நம்பர் ஸ்க்ரூ வாங்கிவந்தேன். ஞாயிறு காலை எட்டரைக்கு அவரும் நானும் வேனில் விடுதிக்குப் போய் இறங்கினோம். வார்டன் அறுபதை நெருங்கிய அம்மாள், சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

"புதுக் கட்டிலாச்சே. எதுக்குப் பிரிக்கணும்?"

சர்வீஸ் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மூன்றாம் மேஜை சொல்லிவிட்டார். "தப்பான ஸ்குரூ போட்டுட்டோம்மா. மேல்தட்டு உழுந்துரும். மாத்த வந்துகிறோம்."

மீதிப் பதினாறு கட்டில்களை இந்த அம்மாள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் இவர் நிற்க வேண்டியிருக்கும். வார்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"சார் எழுதுவாரு. சூப்பரா எழுதுவாரு," என்றார் அவர், துளையிடும் மெஷினுக்குப் பிளக் தேடிக்கொண்டே.

எழுதினேன். எந்த ஸ்க்ரூ, ஏன் தவறு, யார் கொடுத்தது, எது மாற்றப்படுகிறது என்று நான்கு வரி, கீழே கையெழுத்து. நீளம் மட்டுமல்லாமல் தடிமன், கழுத்து, பொருள் எல்லாவற்றையும் எழுதினேன். திங்கட்கிழமை முதல் என் பதிவேட்டிலும் அந்தக் கட்டங்கள் வந்தன. நான் வேலையை விடும் வரை இருந்தன.

அவர் வேலை செய்த விதத்தை அன்றுதான் முழுதாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்பைக் கழற்றுவார். தாங்குகட்டையில் இருக்கும் துளையைக் கழுத்து தாராளமாக நுழையும் அளவுக்கு அகலமாக்குவார். சட்டத்தில் இருக்கும் துளையைத் தொடமாட்டார், அங்கே பல் பிடிக்க வேண்டும். தலை உட்காரச் சிறு குழிவு. பிறகு பத்தாம் நம்பர். முக்கால் தூரம் மெஷினில் விட்டு, மீதியைக் கையால் திருகுவார். கடைசிச் சுற்றில் கட்டை சட்டத்தோடு போய் ஒட்டுவதை நானே கண்ணால் பார்த்தேன். இரண்டு மரமும் ஒரே மரமானது போல இருந்தது. பதினான்கு கறுப்பு ஸ்க்ரூக்களைக் கழற்றியதில் இரண்டின் தலைகள் அவர் திருப்பும்போதே உடைந்து வந்தன. அவற்றை வார்டன் கையில் கொடுத்தார்.

முதல் கட்டில் முடிந்தது. வார்டன் அதை ஆட்டிப் பார்த்தார். "இப்ப சரியா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் யோசிக்கவேயில்லை. "சார், மேல ஏறு."

"நானா?"

"நீ எத்தினி கிலோ?"

"எண்பத்து நாலு."

"இங்க வரப்போற பொண்ணுங்க யாரும் அவ்ளோ இருக்க மாட்டாங்க. ஏறு சார்."

செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணிப்படியில் ஏறி மேல்தட்டில் உட்கார்ந்தேன். மின்விசிறி காதருகே இருந்தது. கீழே பார்த்தபோது அவர் கீழ்த்தட்டில், மெத்தையில்லாத பலகையின் மேல், மல்லாந்து படுத்துக்கொண்டிருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"குதி சார்."

"அம்மா, நீங்க வெளியில வந்துட்டு..."

"குதி சார். மூணு தபா."

உட்கார்ந்தபடியே மூன்று முறை எழும்பி விழுந்தேன். கட்டில் முனகவில்லை. "சரி, எறங்கு" என்று கீழிருந்து குரல் வந்தது. வார்டன் போய் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார்.

பதினான்கு கட்டிலுக்கும் அப்படித்தான். ஒன்று முடிந்ததும் நான் ஏறுவேன், அவர் அடியில் படுப்பார், மூன்று முறை குதிப்பேன், குரல் வரும், இறங்குவேன். நான்காவது கட்டிலில் என் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. ஒன்பதாவதில், "சார் எளச்சுட்டாரு, இப்ப கணக்கு தப்பிரும்" என்றார். நூற்றுத் தொண்ணூற்றாறு ஸ்க்ரூ. அத்தனையிலும் அவர் கை.

கடைசிக் கட்டில் முடியும்போது மணி இரண்டு நாற்பது. ஏறினேன். மூன்று முறை குதித்தேன். குரல் வரவில்லை.

பயந்துபோய் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். திருப்புளியை வயிற்றின் மேல் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே அவர் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருக்கு மேலே மூன்றடி உயரத்தில், அவர் முறுக்கிய பதினான்கு ஸ்க்ரூக்களின் மேல், நான் இருந்தேன்.

வார்டன் கதவருகே வந்து என்னையும் அவரையும் பார்த்தார். எழுப்பட்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். நான் இறங்கினால் ஏணிப்படி அதிரும். காலை மடக்கிக்கொண்டு, மூன்று இருபத்தைந்து வரை, மேலேயே உட்கார்ந்திருந்தேன்.